புருவத்துக்கு ஒரு சீட்டு

அக்கா மகளுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வரும் வழியில், "சித்தி, அஞ்சே நிமிஷம், ரேட் மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்" என்று பார்லருக்குள் நுழைந்தாள். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். அந்த ஐந்து நிமிடம் ஒன்றேமுக்கால் மணி நேரமானது. வெளியே வந்தபோது அவள் முகத்தில் கருகருவென்று இரண்டு புதுப் புருவங்கள் இருந்தன. சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. கையில் ஒரு ரசீது: 'ஐப்ரோ – 1' என்று எழுதி, எதிரே தொகை. அவ்வளவுதான்.

உள்ளே நடந்த ஒரு சின்னப் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "ரத்தம் கித்தம் வருமாம்மா?" என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே சிரித்தாள். "ஐயோ ஆன்ட்டி, இது டாட்டூ இல்ல, செமி பெர்மனென்ட் மேக்கப். ஒரு வருஷத்துல தானா போயிடும்."

அவள் பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் எங்களுக்குச் சொன்னாள். ஆனாலும் அது டாட்டூதான். ஒரு வருடத்தில் தானாகப் போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் முடியாது. தொழில் செய்கிறவர், செய்துகொள்கிறவர், கூட வந்த பெரியவர்கள் என அந்த அறையில் இருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் இது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. பத்திரிகையில் எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மைக்ரோபிளேடிங் கையால் செய்வது. பேனா போன்ற ஒரு பிடி. அதன் முனையில் நுண்ணூசிகள் நெருக்கமாக வரிசைகட்டி ஒரு பிளேடு போலிருக்கும். அதை மையில் தொட்டு, முடி வளரும் போக்கிலேயே தோலில் மெல்லிய கீறல்களாகப் போடுவார்கள். பவுடர் ப்ரோ, ஆம்ப்ரே என்பவை மிஷினில் புள்ளி புள்ளியாகக் குத்துவது. எப்படிச் செய்தாலும் மை போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான்: மேல்தோலைத் தாண்டி, ரத்தக் குழாய்கள் ஓடுகிற உள்தோலின் மேல் விளிம்பு. மேல்தோலிலேயே நின்றுவிட்டால் சில வாரங்களில் செதிலோடு உதிர்ந்துவிடும். ஆழமாகப் போனால் கோடு கலங்கி, தழும்பு விழும். நடுவில் இருக்கும் அந்த மயிரிழை ஆழத்தைக் கைப்பழக்கம் மட்டுமே காட்டிக்கொடுக்கும். கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை இன்று பார்லர்களில் நம்பப்படுவது இந்தக் கைப்பழக்கத்தைத்தான்.

மை உள்ளே போனதும் உடம்பு அதை அந்நியத் தூசாகவே பார்க்கிறது. மேக்ரோஃபேஜ் எனும் காவல் செல்கள் வந்து துகள்களை விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்க முடியாமல் அங்கேயே கிடக்கின்றன. பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-ல் எலி வாலில் பச்சை குத்திக் கவனித்தார்கள். ஒரு செல் இறக்கும்போது வெளிவரும் மையை அடுத்து வரும் செல் எடுத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். பச்சை நிலைப்பது இந்தக் கைமாற்றலால்தான். நெஞ்சில் குத்திய சிங்கத்துக்கும் புருவத்தில் கீறிய முடிக்கும் இதில் வித்தியாசமில்லை. புருவத்தில் ஆழமும் மையும் குறைவு என்பதால் மெல்ல மங்குகிறது. பொதுவாக ஒன்று முதல் மூன்று ஆண்டுகள். எண்ணெய் வடியும் முகமா, வெயிலில் வண்டி ஓட்டுகிறவரா, என்ன மை என்பதைப் பொறுத்து இது மாறும். பல ஆண்டுகள் கழித்தும் நிழலாக ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு.

போகும்போது வந்த நிறத்திலும் போவதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த பழுப்பு மை நாளாக ஆகச் செங்கல் நிறத்துக்கு வரும். கரி கலந்த மை நீலச் சாம்பலாகும். லேசரில் எடுத்துவிடலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் லேசர் பட்டால் மறைவதற்குப் பதிலாகச் சட்டென்று கறுத்துவிடக்கூடும். பழைய புருவத்தின் மேல் தோல் நிற மையைப் பூசி 'கரெக்‌ஷன்' செய்துகொண்டவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி.

இதையெல்லாம் சொன்னதும் "அப்போ தடை பண்ணிடலாமே" என்று ஒரு குரல் கிளம்பும். "இதெல்லாம் தேவையா இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு" என்று இன்னொரு குரல் கிளம்பும். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை.

நம் பாட்டிமார்களின் முன்கையில் கோலமாகவும் புள்ளிகளாகவும் பச்சை இருந்தது. திண்ணையில் உட்காரவைத்து, குறத்தி ஊசியால் குத்தி, கரியும் பச்சிலைச் சாறும் தேய்த்துவிட்டுப் போனாள். அதை அலங்காரம் என்றே ஏற்ற சமூகம், பேத்தி புருவத்தைச் சீர்செய்துகொண்டால் மட்டும் கலாசாரம் பேசுவது வேடிக்கை. புருவம் என்பது வெறும் அழகும் அல்ல. கீமோதெரபியில் முடி கொட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ளலாம், புருவம் போன முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுதான் கஷ்டம் என்பார்கள்.

இதை வேலூர் வெகுகாலத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. 1946-ல் அங்கே கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயில் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியதற்காக உலகம் அறிந்தவர். விரல் சரியாகி ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. புருவமில்லாத முகத்தைப் பார்த்ததுமே ஊர் கண்டுபிடித்துவிடும். ஆகவே உச்சந்தலைத் தோலை முடியோடும் ரத்தக் குழாயோடும் எடுத்து, நெற்றித் தோலுக்கு அடியில் நகர்த்திக் கொண்டுவந்து புருவமாகப் பதித்தார்கள். தலைமுடி அல்லவா, வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலர் கத்தரிக்காமல் பெருமையாக வளர்த்துக்கொண்டு திரிந்தார்களாம். புருவம் இல்லாதவருக்குப் புருவம் என்றால் என்னவென்று இவர்களைவிட வேறு யார் சொல்ல முடியும்!

தடை என்ன செய்யும் என்பதற்குத் தென்கொரியா இருக்கிறது. பச்சை குத்துவது மருத்துவச் செயல், மருத்துவர் மட்டுமே செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நூலகத்தில் இருந்தது. தொழில் மாடி அறைகளில் நடந்தது. ஆளும் கட்சித் தலைவராக இருந்த ஹாங் ஜுன் பியோ 2011-ல் புருவம் குத்திக்கொண்டது அங்கே ஊரறிந்த சேதி. தலைவர்களே செய்துகொள்ளும் ஒன்றைச் செய்துதந்த பெண்கள் மட்டும் வழக்குக்கும் அபராதத்துக்கும் பயந்துகொண்டிருந்தார்கள். பயந்து தொழில் செய்கிறவர் புகார் வந்தால் மறைப்பார், கணக்கு வைக்க மாட்டார். முப்பது வருடத்துக்கும் மேல் இப்படி ஓட்டியபின், மருத்துவர் அல்லாதவரும் தேர்வெழுதி உரிமம் பெறலாம் என்ற சட்டத்தை 2025 செப்டம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

நம்மிடம் தடையும் இல்லை, உரிமமும் இல்லை. உள்ளாட்சியில் வாங்கும் தொழில் உரிமம் கடைக்குத்தான். உள்ளே த்ரெடிங் நூல் ஓடுகிறதா, ஊசி இறங்குகிறதா என்று அது பிரித்துக் கேட்பதில்லை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கையே இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். காணொளி பரவியபின் போலீஸ் வந்தது, மாநகராட்சி சீல் வைத்தது. அந்தக் காணொளி பரவாமல் இருந்திருந்தால்? சமூக வலைதளத்தில் பார்த்துத்தான் ஒரு நகரம் தன் கடைத்தெருவில் நடப்பதைத் தெரிந்துகொள்கிறது.

என்னதான் ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக இரண்டு நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் புருவத்துக்கு நிரந்தர ஒப்பனை செய்துகொண்ட 12 பேருக்கு, வாரங்கள் கழித்து, புருவத்தில் கொப்புளங்களும் காதுக்கு முன்னால் நெறிகட்டியும் வந்தன. சாதாரண மருந்துக்கு அடங்கவில்லை. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு மைக்கோபாக்டீரியம்தான் காரணம். 12 பேரும் ஒரே கலைஞரிடம் செய்துகொண்டவர்கள் என்பது தெரிந்ததால்தான் முடிச்சு அவிழ்ந்தது. 2011-ல் இது மருத்துவ இதழில் வெளியானது.

இன்னொன்று அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், அதே 2011-ன் இறுதியில். பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தடிப்பு. குத்தியவர் ஒருவரே. பழி அவர் மேல் விழுந்திருக்கும். ஆனால் ஆய்வாளர்கள் சீல் பிரிக்காத மைப் புட்டியைச் சோதித்தார்கள். கிருமி அதற்குள்ளேயே இருந்தது. தயாரித்த இடத்தில் கலந்த தண்ணீரோடு வந்திருக்கும் என்று கருதினார்கள். கலைஞர் கையைக் கழுவியும் கையுறை போட்டும் பயனில்லை, தவறு அவருக்கு முன்பே நடந்துவிட்டது. அதை மெய்ப்பிக்க முடிந்ததற்குக் காரணம், எந்தப் புட்டி யாருக்குப் போனது என்று தேடிப் போக ஒரு வழி இருந்ததுதான்.

இப்போது இதே கதையை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ஒருத்தி மதுரையில் குடும்ப டாக்டரிடம் போவாள், அவர் ஆன்டிபயாடிக் எழுதித் தருவார். இன்னொருத்தி விருதுநகரில் மருந்துக்கடையில் களிம்பு வாங்குவாள். மூன்றாமவள் 'கண் பட்டிருக்கும்' என்று சுற்றிப்போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருப்பாள். மூவரும் ஒரே புட்டியில் இருந்து வந்தவர்கள் என்பது யாருக்குமே தெரியாது. மூவரிடமும் ரசீது இருக்கும்: 'ஐப்ரோ – 1'.

நான் இங்கே கேட்பது பெரிய சட்டமல்ல. ஒரு சீட்டு. செய்த நாள், செய்தவர் பெயர், மையின் பிராண்டு, நிறம், புட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண், காலாவதி நாள், ஊசி எந்தத் தொகுதி. ஒரு பிரதி வாடிக்கையாளருக்கு, ஒன்று கடைக்கு. தடுப்பூசி போட்டால் அட்டை தருகிறோம். ரத்தப் பைக்கு எண் இருக்கிறது. பால் பாக்கெட்டில் கூட இருக்கிறது. முகத்துத் தோலுக்குள் வருடக்கணக்கில் குடியிருக்கப்போகும் பொருளுக்கு மட்டும் ஏன் இல்லை? இந்தச் சீட்டில் எல்லோரும் உடன்பட முடியும் என்று நம்புகிறேன். ஏனென்றால் நல்ல கலைஞருக்கும் இது பாதுகாப்புதான். ராச்செஸ்டர் கலைஞரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு வெறும் எண்ணாக நின்றுவிடாமல் இருக்க, அதன் மறுபக்கத்தை வாடிக்கையாளர் நிரப்ப வேண்டும். இங்கேதான் நம் பெண்கள் (இப்போது ஆண்களும்) கொஞ்சம் மழுப்புகிறார்கள். சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால் செய்யமாட்டார்களோ, கல்யாணப் பெண்ணுக்கு 'தைராய்டு' என்று நாலு பேர் காதில் விழுந்தால் என்னாகும் என்று. கட்டுப்படாத சர்க்கரையில் புண் ஆற நாளாகும். ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவருக்குக் கீறலில் ரத்தம் கசிந்து மையை வெளியே தள்ளிவிடும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்தவர்கள் நிறுத்தி ஆறு மாதமாவது பொறுப்பது வழக்கம். காது குத்திய இடத்தில் தழும்பு பெருத்து வளர்ந்தவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள், சோரியாசிஸ் உள்ளவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் உட்காரவே கூடாது. கீறிய இடத்திலேயே புது வெண்புள்ளியோ சோரியாசிஸ் திட்டோ கிளம்பும் இயல்பு இந்த நோய்களுக்கு உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தள்ளிப்போடலாம், புருவம் எங்கும் ஓடிவிடாது. மாநிறத் தோலுக்கு இன்னொன்றும் உண்டு: காயம் ஆறிய இடம் கறுத்துத் திட்டாக நிற்பது நமக்கு அதிகம்.

புருவம் ஏன் உதிர்ந்தது என்ற கேள்வியை யாருமே கேட்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மெலிவது தைராய்டு சுரப்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். வட்ட வட்டமாகக் கொட்டுவது அலோபீசியா அரியேட்டாவாக இருக்கலாம். தொழுநோய் இந்த நாட்டை விட்டு இன்னும் போய்விடவில்லை. புருவம் உதிர்வது அதன் பழைய அறிகுறி. உடம்பு கைகாட்டிச் சொல்லும் இடத்தில் மை பூசி மூடிவிட்டு வெளியே வருகிறோம். 'முடி இப்படி எப்போதிலிருந்து?' என்று பார்லர் பெண் ஒரு வார்த்தை கேட்டால், ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தால், எத்தனையோ மருத்துவமனைகள் செய்யாத வேலையை அவள் செய்தவள் ஆவாள்.

மரத்துப்போகத் தடவும் களிம்பையும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் லிடோகெய்ன். 4 சதவிகிதத்துக்கு மேல் செறிவுள்ள, மருந்துச்சீட்டில்லாமல் விற்கப்படும் இத்தகைய களிம்புகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரித்தது. அதிக இடத்தில் தடவினாலோ, கீறிய தோலில் தடவினாலோ, பிளாஸ்டிக் போட்டு மூடினாலோ ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்புகூட வரலாம். அக்கா மகளுக்குத் தடவிய டப்பாவில் கொரிய எழுத்து இருந்ததாக ஞாபகம். சதவிகிதம் பார்க்கத் தோன்றவில்லை.

ஒவ்வாமைக்கு முன்கூட்டிச் சோதனை, அதாவது காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துக் குறைந்தது 48 மணி நேரம் காத்திருப்பது, முழுக் காப்பு அல்ல என்றாலும் செய்ய வேண்டியது. மாதங்கள் கழித்துக் கிளம்பும் ஒவ்வாமையை அது காட்டாது. ஆனால் முகம் முழுக்க வீங்குவதைவிடக் காதோரம் ஒரு தடிப்பு எவ்வளவோ மேல். தலைச்சாயமோ 'பிளாக் ஹென்னா'வோ ஒருமுறை அரித்திருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு செய்வது தப்புக்கணக்கு என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரியும். முதல் வாரம் கன்னங்கரேலென்று இருக்கும். அடுத்து பொருக்கு உதிரும். அப்போது பாதி காணாமல் போனதுபோலத் தோன்றி வயிற்றைக் கலக்கும். நாலாவது வாரத்துக்குள் உள்ளிருந்து நிறம் திரும்பி வரும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் 'டச்-அப்'. அக்கா மகள் ரிசப்ஷன் மேடையில் நின்றபோது அவள் புருவம் அந்த இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தது. மேக்கப் செய்தவர் பென்சிலால் நிரப்பினார். பென்சில் வேண்டாம் என்றுதானே இத்தனையும் செய்தோம்!

இன்னும் இரண்டு விஷயம் யாரும் சொல்வதில்லை. புருவம் குத்திக்கொண்டவர் 12 மாதத்துக்கு ரத்ததானம் செய்யக் கூடாது. தேசிய ரத்தப் பரிமாற்றக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை பச்சை குத்தியவர்களுக்கு அப்படிச் சொல்கிறது. 'மேக்கப்தானே' என்று படிவத்தில் 'இல்லை' போட்டுவிடுகிறோம். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் அங்கேயும் சொல்ல வேண்டும். இரும்பு கலந்த மை சூடாகி எரிச்சல் தருவது அபூர்வம்தான், அதற்காக ஸ்கேனைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் மிஷினை ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கலைஞர்கள் பக்கம் வருவோம். பெரும்பாலும் பெண்கள். நகைக்கடன் வைத்து மூன்று நாள் பயிற்சிக்குப் பணம் கட்டி, செயற்கைத் தோலில் கீறிப் பழகி, சுவரில் சான்றிதழ் மாட்டி, வாடகை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. பயிற்சி விற்கிறவர் சொல்லிக்கொடுக்காததை அவர்கள் எங்கிருந்து அறிவார்கள்? நீலவிளக்கு எரியும் யு.வி. பெட்டி கிருமிநீக்கக் கருவி இல்லை. டெட்டாலில் முக்கியெடுத்தால் ஊசி சுத்தமாகாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். ஊசி என்றால் ஒருவருக்கு ஒன்று, அவர் கண்முன்னே உறை கிழித்து, முடிந்ததும் துளைபடாத பெட்டியில். மறுபடி பயன்படும் எஃகுக் கருவி என்றால் ஆட்டோகிளேவ், 121 டிகிரி. மை கிண்ணத்தில் மிஞ்சியது குப்பைக்கு, மறுபடி புட்டிக்கு அல்ல. நியூமெக்சிகோவின் அல்புகெர்க்கி நகரில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் சொந்த ரத்தத்தைக் கொண்டு முகத்தில் ஊசி ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018-ல் அந்த நிலையம் மூடப்பட்டது. 2024-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முழு விவரத்தை வெளியிட்டது. அது வேறு சிகிச்சைதான். ஆனால் ஊசியும் ரத்தமும் சேரும் எந்த நாற்காலிக்கும் விதி ஒன்றுதான்.

'உங்களுக்கு இது வேண்டாம்மா, டாக்டரப் பாத்துட்டு வாங்க' என்று ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கலைஞர் அன்றைய வருமானத்தை இழக்கிறார். அந்த இழப்பை அவர் தாங்க வேண்டுமென்றால், முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவதையும், 'பக்கத்துக் கடையில பாதி விலைக்குப் பண்றாங்க' என்று பேரம் பேசுவதையும் நாமும் நிறுத்த வேண்டும். பாதி விலையில் மிச்சமாவது பெரும்பாலும் ஊசியும் மையும்தான்.

அரசுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் அழகுசாதனத்தை வரையறுக்கும்போது, உடலில் தேய்ப்பது, தெளிப்பது என்பதோடு உள்ளே செலுத்துவதையும் சேர்த்தே சொல்கிறது. 1962-ல் திருத்தம் கொண்டுவந்து இந்த வரையறையைச் சேர்த்தவர் எதை மனதில் வைத்திருந்தாரோ, அந்தச் சொல் இன்று உதவும். இல்லாதது பச்சை மைக்கென்று தனித் தரவரையறை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளிலும் நிரந்தர ஒப்பனை மைகளிலும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தியது. அங்கே விற்கமுடியாத சரக்கு எங்கே போகும் என்று யோசிக்க வேண்டியது நாம். பச்சை மைக்கு விதிமுறை வேண்டும் என்று ஒன்றிய அரசைக் கேட்கப்போவதாகக் கர்நாடக சுகாதார அமைச்சர் 2025-ல் சொன்னார். தமிழகமும் அந்தக் குரலோடு சேர்ந்துகொள்ளலாம். இதில் கட்சியும் இல்லை, காவிரியும் இல்லை.

ஆனால் டெல்லிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பிரிட்டனுக்குள் ஒரு சிறு நாடான வேல்ஸ், 2024 நவம்பர் 29 முதல் பச்சை குத்துதல், காது மூக்குக் குத்துதல், அக்குபங்சர், மின்சார முடிநீக்கம் நான்குக்கும் உரிமம் கட்டாயமாக்கியது. புருவ ஒப்பனையும் பச்சை குத்துதலில் அடக்கம். கலைஞருக்குத் தனி உரிமம், இடத்துக்குத் தனி ஒப்புதல். கொடுப்பது உள்ளாட்சி. தொற்றுத் தடுப்பில் ஓர் அடிப்படைப் பாடத்தில் தேறியிருக்க வேண்டும். நம் மாநகராட்சிகளில் சுகாதார ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஹோட்டல் சமையலறைக்குள் நுழைகிறவர்கள் இங்கேயும் நுழையலாம். தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது 'ஊசி பயன்படுத்துகிறீர்களா?' என்ற ஒரு கேள்வி, ஆம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டு நாள் இலவசப் பயிற்சி, ஊசிக் குப்பையை எடுத்துப்போக மருத்துவக் கழிவு வண்டி, அப்புறம் அந்தச் சீட்டுப் புத்தகம். சீல் வைப்பதைவிட இதற்குச் செலவு குறைவு.

தோல் மருத்துவர்களுக்கும் ஒன்று. பார்லரில் கெட்டு உங்களிடம் வருகிறவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்தவர் வரமாட்டார். எந்தக் கடை, எந்த மை என்று எழுதி வையுங்கள். அமெரிக்காவில் 2004 வாக்கில் ஒரே நிறுவனத்தின் நிரந்தர ஒப்பனை மைகளைப் பற்றி 150-க்கும் மேற்பட்ட புகார்கள் சேர்ந்தன, சேர்ந்ததால்தான் அந்த நிறங்கள் சந்தையை விட்டுப் போயின. இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறவர்கள், செய்த அன்று எடுத்த பளபளப்பான படத்தோடு ஆறு வாரம் கழித்து எடுத்ததையும் போட்டால் புண்ணியம். கெட்டுப்போனவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய சேவை இது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே முதலில் கேட்பது ரசீது. அதில் 'ஐப்ரோ – 1' என்றிருந்தால் வக்கீலும் நெற்றியைத் தடவிக்கொள்வார்.

கல்யாணம் முடிந்தது. புருவம் செய்த ஏழாவது வாரம், டச்-அப்புக்கு அக்கா மகள் போனாள். புது மாப்பிள்ளை வண்டியில் காத்திருந்தார், துணைக்கு மறுபடி நான். அதே பெண். இந்த முறை நான் கைப்பையில் ஒரு கோடுபோட்ட நோட்டு கொண்டுபோயிருந்தேன். "மை புட்டில நம்பர் இருக்கும்ல, அதக் கொஞ்சம் சொல்லும்மா, எழுதிக்கறேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு புட்டியை எடுத்துத் திருப்பினாள், இன்னொரு பக்கம் திருப்பினாள். அடியில் பொடி எழுத்தில் இருந்தது. விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். நான் எழுதினேன்.

"இதுல எக்ஸ்பயரி போன மாசத்தோட முடிஞ்சிருக்கே ஆன்ட்டி" என்றாள் மெதுவாக. குரல் எனக்கில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போலிருந்தது. அலமாரியைத் திறந்து மற்ற புட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாள்.